மூன்று மீற்றர் பத்து

மாங்குளம் வர முன்னமே றெயில் நின்றுவிட்டது.
"திரும்பவும் பாலத்தில ஆரோ இடிச்சிட்டான்" என்றார் எதிர் இருக்கைக்காரர்
மடியிலிருந்த கச்சான் கோதைத் தட்டிக்கொண்டு.
இனி எஞ்சினியர் வரவேண்டும்,
குந்தியிருந்து ரோச் அடித்துப் பார்த்து
தண்டவாளம் அசையவில்லை என்று கையெழுத்து வைக்கவேண்டும்.
அதுவரை ஐந்நூறு பேர்
ஒருவன் அண்ணாந்து பார்க்காத குற்றத்துக்குக்
காட்டுக்குள் இருப்போம்.

எனக்கு அந்தப் பாலத்தைத் தெரியும்.
கோப்பில் தெரியும்.

போன மாசி, கிளிநொச்சியில்,
குளிரூட்டி வேலைசெய்யாத மண்டபத்தில்
புத்தாக்க நிதிக்கு ஏழு விண்ணப்பங்கள்.
கொழும்புக் கம்பனி லேசர் வைத்திருந்தது, கமரா வைத்திருந்தது,
சிவப்பெழுத்து ஓடும் பலகை வைத்திருந்தது.
ஒரு கோடியே பத்து இலட்சம்.
அவர்களின் படத்தில் வீதி கறுப்பாய், நேராய்,
மாடுகள் இல்லாமல் இருந்தது.

ஏழாவதாய் எமல்டா.
பாலத்தடியில் ரயர் ஒட்டும் கடை.
மடிக்கணினி இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பி.
மூன்று வருடம், முப்பத்தொரு இடி.

வைக்கல் லொறி. வைக்கலுக்கு ஒண்டுமில்லை,
மேல இருந்த பெடியனுக்குத் தோள்.
வெட்டு மெசின் ஏத்தின வாகனம். சாரதி அழுதவர்.
கலியாணப் பந்தல் சாமான். கதிரை நாப்பது.
மழை. ஆரெண்டு தெரியேல்ல, ஓடிட்டான்.

பலகை இல்லையா என்று கேட்டோம்.
"இருக்கு ஐயா, பாலத்திலேயே இருக்கு.
மூண்டு மீற்றர் பத்து எண்டு மூண்டு மொழியிலயும்.
அதை வாசிக்கேக்க பின்னால நாலு வாகனம் நிக்கும்.
ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் சேறு.
திருப்ப ஏலாது. அப்ப என்ன செய்வான்?
ரயர்க் காத்தைக் கொஞ்சம் இறக்கிப்போட்டு
கடவுளே எண்டு விடுவான்.
காத்து இறக்கவும் என்னட்டத்தான் வருவினம்.
எனக்கு இதில நட்டமில்லை."

அவள் கேட்டது இவ்வளவுதான்:
முந்நூறு மீற்றர் முன்னே, பாலைமரத்தடி முடக்கில்,
இன்னும் திரும்பிப் போகலாம் என்கிற இடத்தில்
இரண்டு தூண். குறுக்கே ஒரு வளை.
வளையில் தொங்கும் பிளாஸ்ரிக் குழாய்கள்
உயர்ந்த லொறியின் உச்சந்தலையில் தட்டும்.
"பாலம் இடிக்க முன்னம் குழாய் இடிக்கட்டும்."
ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம், கொங்கிறீற்றும் சேர்த்து.

"இதில் புத்தாக்கம் எங்கே, தங்கச்சி?" என்றார் பேராசிரியர்.
"பாலைமரத்தடியில" என்றாள்.
நாங்கள் சிரித்தோம்.

தூணுக்குத் தண்டவாளத் துண்டு இரண்டு கைவசம் என்று எழுதியிருந்தாள்.
றெயில்வே அதிகாரி நிமிர்ந்தார்.
அரச சொத்து. எங்கே எடுத்தது?
"எங்கட பங்கருக்கு மேல கிடந்தது.
ஒம்பது பேர் அதுக்குக் கீழ இருந்தம்.
வேணுமெண்டாத் திருப்பித் தாறன், ரெண்டு நாள் தாங்கோ,
ஒண்டு கோழிக்கூட்டுக்கு முண்டு குடுத்திருக்கு."
மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு அவர், மெதுவாகத்தான் கேட்டார்:
"பற்றுச்சீட்டு ஏதும்...?"

கூரையின் பதிவைத் தலையால் அளந்தவளுக்கு
உயரம் பற்றி நாங்கள் வகுப்பெடுத்தோம்.

புதுமை என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று.
அந்த மூன்று என் கையெழுத்து.
நிதி கொழும்புக்குப் போனது.
முதற்கட்டம்: சாத்தியவள ஆய்வு.
ஆய்வு நடக்கிறது.

ஒரு மணி பத்து நிமிடம் கழித்து றெயில் அசைந்தது,
பிரேத ஊர்வல வேகத்தில்.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
கீழே மீன்ரின் மூடிபோல் உரிந்த லொறிக் கூரை.
அப்பால் முடக்கில், பாலைமரத்திலிருந்து ஒரு கயிறு,
கயிறு நிறைய வெறும் தண்ணீர்ப் போத்தல்கள்.
அனுமதியில்லாமல் கட்டியது. ஒரு முனை அறுந்து
வீதியில் இழுபட்டது.

லொறியின் பின்சில்லருகே குந்தியிருந்து
காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.
கொப்பி முழங்காலில் விரிந்திருந்தது.
திகதி கேட்டிருப்பாள்;
சாரதி கைபேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.